உறைந்தும் உடையாத உயிரணு



சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்த சேக்காட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்வோரில் பலர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கோ ஆவடித் தொழிற்சாலைகளுக்கோ நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் நடுத்தரக் குடும்பத்தினர். அத்தகைய ஓர் இல்லத்தில் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கும் மகளை எண்ணிப் பாருங்கள். ஏழாம் மாதம் நடக்கிறது. வண்ணப் படங்கள் அச்சிட்ட ஒரு விளம்பரக் கையேடு வீட்டுக்கு வந்து சேர்கிறது. "குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் உயிர்காக்கும் குருத்தணுக்கள் இருக்கின்றன; பிறக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் வாழ்நாள் முழுவதும் தேடினாலும் அவை கிடைக்கா; உறையவைத்துப் பாதுகாத்துத் தருகிறோம்" என்று அது கூறுகிறது. கட்டணம் பல்லாயிரம் ரூபாய். பிள்ளையின் உயிரைவிடப் பணம் பெரிதா என்று வாப்பா கலங்குகிறார். கைவளையலை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்கிறார் உம்மா.

இந்தக் கலக்கத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உயிருள்ள அணுவை ஆண்டுக்கணக்கில் உறையவைத்து மீண்டும் உயிரோடு எழுப்ப முடியுமா என்பது முதற்கேள்வி. அவ்வாறு எழுப்பப்பட்ட அணு, அதைச் சேமித்த அதே குழந்தைக்குப் பயன்படுமா என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கான விடை வியப்பூட்டும் அளவுக்கு உறுதியானது. இரண்டாவதற்கான விடை அப்படிப்பட்டதன்று. இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் வளையலை என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியும்.

குருத்தணு என்பது யாது?

நம் உடலில் ஓடும் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். மடிந்துகொண்டே இருக்கும் இவ்வணுக்களின் இடத்தை நிரப்ப, எலும்பு மஜ்ஜையில் புதிய அணுக்கள் இடைவிடாது பிறந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பெற்றெடுக்கும் தாய் அணுக்களையே குருத்தணுக்கள் என்கிறோம். ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்பர். வாழைக்குருத்து ஒன்றிலிருந்து இலைகள் விரிந்துகொண்டே வருவதுபோல, இவற்றிலிருந்து சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றும் தோன்றுகின்றன. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் பழுதுற்ற மஜ்ஜையை அகற்றிவிட்டு நல்ல குருத்தணுக்களைச் செலுத்துவதே மஜ்ஜை மாற்று மருத்துவம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இச்சிகிச்சை 1986ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது.

இதே குருத்தணுக்கள் தொப்புள்கொடி இரத்தத்திலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் நஞ்சுக்கொடியோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட அந்த இரத்தம் ஓர் உயிரைக் காக்கும் என்பது 1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் நகரில் மெய்ப்பிக்கப்பட்டது. ஃபான்கோனி இரத்தசோகை என்னும் பரம்பரை நோயால் வாடிய 5 வயது அமெரிக்கச் சிறுவனுக்கு, அப்போது பிறந்திருந்த அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் செலுத்தி, எலியான் குளூக்மன் என்ற பெண் மருத்துவர் அவனைப் பிழைக்க வைத்தார். அமெரிக்காவின் இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மேயர் என்ற அறிஞர் அந்த இரத்தத்தை உறையவைத்துக் காத்திருந்தார். உறைந்த நிலையிலேயே அது கடல் கடந்து சென்றது. தங்கையின் இரத்தம் அண்ணனுக்குப் பயன்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

பனிக்கட்டி ஏன் பகையானது?

குளிரூட்டிப் பெட்டியின் மேல்தட்டில் ஒரு தக்காளியை ஓரிரவு வைத்து, மறுநாள் வெளியே எடுத்துப் பாருங்கள். கல்லாய் உறைந்திருந்த பழம் சற்று நேரத்தில் தொளதொளத்து நீர்விட்டுக் குழைந்துபோகும். முந்தின நாள் இருந்த கட்டு மீண்டும் வாராது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. அத்துடன் கூர்மையான படிகங்களாகவும் வளர்கிறது. அப்படிகங்கள் அணுக்களின் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடுகின்றன.

கேடு அத்துடன் நிற்பதில்லை. பனிக்கட்டி தூய நீரை மட்டுமே தன்னுள் இழுத்துக்கொள்ளும். உப்பை வெளியே தள்ளிவிடும். ஆகவே எஞ்சியிருக்கும் நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. உப்பிலிட்ட மாங்காய் சுருங்குவதுபோல அணுவும் சுருங்கி மடிகிறது. விரைந்து குளிர்வித்தால் அணுவுக்குள்ளேயே பனிக்கட்டி தோன்றிக் கொல்லும். மிக மெதுவாகக் குளிர்வித்தால் உப்பு கொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப்பாதை போன்ற ஒரு வழியே உண்டு என்பதைப் பீட்டர் மேசர் என்ற அமெரிக்க அறிஞர் 1970களின் தொடக்கத்தில் தெளிவாக விளக்கினார்.

புட்டியில் மாறிய பெயர்ச்சீட்டு

அந்த வழி முதன்முதலில் புலப்பட்டது ஒரு தற்செயலால். 1940களின் இறுதியில் லண்டன் ஆய்வகம் ஒன்றில் கிறிஸ்டபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைத்து உயிரோடு மீட்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தனர். திடீரென ஒரு நாள் அணுக்கள் பிழைத்தெழுந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, புட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு மாறிப்போயிருந்தது தெரியவந்தது. உள்ளே இருந்தது சர்க்கரைக் கரைசலன்று, கிளிசரின் கலந்த திரவம்! 1949ஆம் ஆண்டு இது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1959இல், லவ்லாக்கும் பிஷப்பும் டி.எம்.எஸ்.ஓ. என்ற மற்றொரு திரவத்தைக் கண்டனர். இவ்வகைத் திரவங்கள் அணுவுக்குள் புகுந்து, நீர் மூலக்கூறுகள் ஒன்றுகூடிப் படிகமாவதைத் தடுக்கின்றன.

சேக்காட்டில் ஒரு குழந்தை பிறந்து அதன் தொப்புள்கொடி இரத்தம் சேமிக்கப்பட்டால், இன்றும் நடப்பது ஏறக்குறைய இதுதான். குழந்தை பிறந்து கொடியை வெட்டிய பின், கொடியிலும் நஞ்சிலும் தேங்கியிருக்கும் இரத்தம், உறையாமல் இருக்க மருந்திட்ட பையில் சேகரிக்கப்படுகிறது. ஆய்வகத்தில் சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் பெரும்பாலும் நீக்கப்பட்டு, டி.எம்.எஸ்.ஓ. சேர்க்கப்படுகிறது. பின்னர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் குளிர்விக்கப்படுகிறது. அணுக்களுக்கு வெளியே பனிக்கட்டி தோன்றும். ஆனால் உள்ளிருக்கும் நீர் மெல்ல வெளியேறிவிடுவதால் அணுவுக்குள் பனிக்கட்டி தோன்றாது. இறுதியாகப் பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனுக்கு அது செல்கிறது. அக்குளிரில் உயிரின் இயக்கம் யாவும் நின்றுவிடுகிறது. அணு முதுமையடைவதில்லை.

திரவ நைட்ரஜன் என்றதும் ஏதோ மேனாட்டு விந்தை என்று எண்ண வேண்டாம். பசு வளர்க்கும் குடும்பத்தினருக்கு இது பழகிய பொருளே. சினை ஊசி போடக் கால்நடை மருத்துவர் கொண்டுவரும் பெரிய குடுவையின் மூடியைத் திறந்ததும் வெண்புகை எழுமே, அதற்குள் இருப்பது இதே திரவ நைட்ரஜன்தான். அதில் உறைவிந்துக் குச்சிகள் மூழ்கியிருக்கும். லண்டனில் பெயர்ச்சீட்டு மாறிய புட்டியின் பயன் நம் ஊர் மாட்டுத் தொழுவம்வரை வந்து சேர்ந்து பல தலைமுறைக் கன்றுகள் பிறந்துவிட்டன.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், டி.எம்.எஸ்.ஓ. துணைகொண்டு மனிதக் கருவை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து தாயின் கருப்பையில் சேர்த்தார். 1978 அக்டோபர் 3 அன்று ஒரு பெண்குழந்தை நலமாகப் பிறந்தது. அவருடைய சொல்லை அன்று அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. மனமுடைந்த அவர் 1981இல் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைக்காக நாட்டின் முதல் சாதனையாளர் எனப் புகழப்பட்ட டாக்டர் டி.சி.ஆனந்தகுமாரே, முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துவிட்டு, முதன்மை தமக்குரியதன்று, அவருக்கே உரியது என 1997இல் அறிவித்தார். உறையவைக்கும் கலை எத்தனை மனிதர்களின் உழைப்பாலும் கண்ணீராலும் வளர்ந்தது என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

கற்கண்டும் கண்ணாடி மிட்டாயும்

வெளியிலும் பனிக்கட்டி இல்லாமல், உள்ளிலும் பனிக்கட்டி இல்லாமல் உறையவைக்க இயலுமா? இயலும். சமையலறையில் இதற்கு உவமை இருக்கிறது. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாட்கணக்கில் ஆறவிட்டால் கற்கண்டு விளைகிறது, அது படிகம். அதே சர்க்கரையைக் கெட்டிப்பாகாகக் காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்தால், ஒளி ஊடுருவும் மிட்டாய் கிடைக்கிறது. அதில் படிகமே இல்லை. அது ஒருவகைக் கண்ணாடி. பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோன்றது படிகம். ஓடியாடும் பிள்ளைகள் அவரவர் நின்ற இடத்திலேயே ஒரு நொடியில் சிலையாகிவிட்டாற் போன்றது கண்ணாடி. நீரையும் இவ்வாறு கண்ணாடியாக்கலாம். பாதுகாப்புத் திரவத்தை மிகுதியாகச் சேர்த்து மின்னல் வேகத்தில் குளிர்வித்தால், நீர் வரிசைகூடி நிற்க நேரமின்றி அப்படியே திண்மமாகிவிடும்.

வில்லியம் ரால், கிரிகரி ஃபாஹி ஆகியோர் 1985இல் சுண்டெலியின் கருக்களை இவ்வாறு பனிக்கட்டியின்றி உறையவைத்து மீட்டனர். மனிதக் கருவிலிருந்து எடுக்கப்படும் முதல்நிலைக் குருத்தணுக்கள் மிக மென்மையானவை. கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. அவற்றை மெதுவாக உறையவைத்தபோது மிகச் சிலவே பிழைத்தன. பெஞ்சமின் ரூபினாஃப் குழுவினர் 2001இல் மெல்லிய குழல்களில் சிறு துளிகளாக வைத்துக் கண்ணாடி முறையைக் கையாண்டபோது அவை நன்கு உயிர்த்தெழுந்தன. இன்று குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் கருமுட்டைகளையும் கருக்களையும் சேமிக்கப் பெரிதும் பயன்படுவது இம்முறையே.

அப்படியானால் தொப்புள்கொடி இரத்தத்துக்கும் இதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். இரண்டு தடைகள் உள்ளன. சிறு துளியை மின்னல் வேகத்தில் குளிர்விக்கலாம். ஒரு பை திரவத்தை அவ்வாறு குளிர்விக்க முடியாது. மேலும், பாதுகாப்புத் திரவம் அளவுக்கு மீறினால் அதுவே நஞ்சு. குறைந்த அளவு டி.எம்.எஸ்.ஓ. கலந்த இரத்தத்தை ஏற்றும்போதே நோயாளிக்குக் குமட்டல் எடுப்பதும், அவர் மூச்சில் பூண்டு வாடை வீசுவதும் உண்டு. உருக்கும்போதும் ஆபத்து இருக்கிறது. சீராகவும் விரைவாகவும் சூடேறாவிட்டால், உறைந்தபோது தோன்றாத பனிக்கட்டி உருகும் வழியில் தோன்றிக் கொன்றுவிடும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை உறுப்புக்குள் செலுத்திக் காந்தப்புலத்தால் ஒரே சீராகச் சூடேற்றும் வழியைக் கண்டு, கண்ணாடி நிலையில் 100 நாட்கள்வரை வைத்திருந்த எலியின் சிறுநீரகங்களை மீண்டும் எலிகளுக்குப் பொருத்தி இயங்கவைத்ததை 2023இல் அறிவித்தனர். மனித உறுப்புகளுக்கு இது வந்து சேர இன்னும் தொலைவு இருக்கிறது.

தொப்புள்கொடி இரத்தத்தைப் பொறுத்தவரை பழைய மெதுமுறையே போதுமானதாக இருக்கிறது. 23 ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்திருந்த இரத்தத்திலிருந்து செயல்திறன் மிக்க குருத்தணுக்களை மீட்டதைப் பிராக்ஸ்மேயர் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். ஆகவே முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முறையாக உறையவைத்த அணு உயிரோடு இருக்கும்.

யாருக்குப் பயன்படும்?

இனி இரண்டாவது கேள்வி. குழந்தைக்குப் பின்னாளில் தலசீமியா என்று தெரியவந்தால், அதன் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் உதவாது. ஏனெனில் நோய்க்குக் காரணமான பழுதுபட்ட மரபணு அந்த அணுக்களிலும் இருக்கிறது. நோயுள்ள விதையை எத்தனை கவனமாகப் பத்திரப்படுத்தினாலும் அதிலிருந்து நோயுள்ள பயிரே முளைக்கும். சிறுவயது இரத்தப் புற்றுநோயிலும், நோயின் வித்து பிறக்கும்போதே அந்த இரத்தத்தில் இருந்திருக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தத் தயங்குவர். பாரிஸ் சிறுவனைக் காத்தது அவனுடைய இரத்தமன்று, தங்கையின் இரத்தம் என்பதை முன்னர் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே.

அளவும் ஒரு தடை. நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி அணுக்கள் தேவை என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஒரு கொடியிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் ஒரு சிறுவனுக்கே போதும். வளர்ந்த ஆளுக்குப் போதாது. ஒரு குழந்தைக்குத் தன் சொந்த இரத்தமே பின்னாளில் தேவைப்படும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு வரை பலவாறாகக் கணிக்கப்பட்டிருப்பதாக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007இல் எடுத்துக்காட்டியது.

நம் நாட்டில் 2004இல் சென்னையில் லைஃப்செல் நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து தனியார் சேமிப்பு பரவலாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வருங்காலச் சொந்தப் பயன்பாட்டுக்கெனத் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஒளிவுமறைவின்றிக் கூறியது. குடும்பத்தில் மூத்த குழந்தைக்கு இவ்வணுக்களால் தீரக்கூடிய நோய் இருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால் மட்டும் சேமிப்பது தக்கது என்றது. தொப்புள்கொடித் திசு, நஞ்சு, பல் முதலியவற்றை வணிக நோக்கில் சேமிப்பதற்கு அந்நெறிகள் இசைவு தரவில்லை. அதே 2017இல் லைஃப்செல், சேமித்த குடும்பங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் கூட்டுச் சேமிப்பு முறையை அறிமுகம் செய்தது. பிறர் சேமிப்பிலிருந்து பெறுவதில்தான் பயன் மிகுதி என்பதை இம்மாற்றமே காட்டுகிறது.

கையெழுத்துக்கு முன்

சகோதரிகளே! மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்தால், விளம்பரக் கையேட்டை ஒதுக்கிவிட்டு, பிரசவத்துக்குச் சில மாதங்கள் முன்னரே இரத்தநோய் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரே பெற்றோரின் இரு பிள்ளைகளுக்குத் திசுப்பொருத்தம் முழுமையாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உங்கள் இல்லத்தில் அந்த இரத்தம் உண்மையிலேயே பொக்கிஷமாக இருக்கலாம். அதற்காகச் செலவிடும் பணம் வீணன்று.

அத்தகைய நோய் குடும்பத்தில் இல்லையென்றால், கட்டணம் கட்ட வசதியின்றி மறுக்கும் பெற்றோர் தம் பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டதாக ஒருநாளும் வருந்தவேண்டியதில்லை. வசதியுள்ளோர் சேமிக்க விரும்பினால் சில கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் நடைமுறையில் உள்ளதா? சேகரித்த பையில் எத்தனை அணுக்கள் இருந்தன, அவற்றில் எத்தனை உயிருள்ளவை என்ற அறிக்கை தருவார்களா? நிறுவனம் மூடப்பட்டால் பை எங்கே செல்லும்? இடையில் தவணை கட்ட முடியாமற்போனால் என்னவாகும்?

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. குழந்தை பிறந்து ஒரு நிமிடமாவது கழிந்த பிறகே கொடியைக் கவ்வியிட்டு வெட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நேரத்தில் கொடிவழியே குழந்தைக்குச் சென்று சேரும் இரத்தம், அதன் முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தருகிறது. இரத்தசோகை மலிந்த நம் நாட்டில் இது சிறிய கொடையன்று. பையை நிரப்பும் அவசரத்தில் இக்கொடையைக் குறைத்துவிடக் கூடாது என்று பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எப்போதோ தேவைப்படக்கூடும் என்று சேமிக்கும் இரத்தத்தைவிட, இப்போதே தேவைப்படும் இரத்தம் குழந்தைக்கு உரியது.

பிறருடைய பிள்ளைக்கும் நம்மால் உதவ இயலும். சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட தாத்ரி என்ற குருத்தணுக் கொடையாளர் பதிவகம், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, திசுவகையைப் பதிந்துவைக்கிறது. 18 வயது நிரம்பிய நலமுடையோர் இதில் சேரலாம். திசுப்பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனவழியினரிடையே அமைவதால், ஒரு தமிழ்க் குழந்தைக்கு வேண்டிய பொருத்தம் தமிழரிடையே கிடைக்கும் வாய்ப்பே மிகுதி. இதற்குக் கட்டணமும் இல்லை, குளிர்க்குடுவையும் வேண்டா. அணுக்கள் நம் மஜ்ஜையிலேயே, உறையாமல், உயிரோடு காத்திருக்கின்றன. வீட்டில் 18 வயது கடந்த பிள்ளைகள் இருந்தால், இன்றிரவு உணவின்போது இதைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள்.